சோறில்லாத இலை

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்ட வாரம். தென்காசிக்கு மேற்கே, மலையடிவாரத்துச் சின்ன ஆசிரமத்தில் இரண்டே பேர் இருந்தார்கள். குரு சிற்றம்பலச் சாமிக்கு நாற்பது வயது. சீடர் கோமதிநாயகத்துக்கு அறுபதுக்கு மேல். ஆயுளில் பாதியை ஓட்டல் அடுப்படியில் மாஸ்டராகக் கழித்தவர். குரு அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

அண்ணாச்சிக்குச் சர்க்கரை. வலது கால் கட்டைவிரலில் ஒரு புண் ஆறாமலே இருந்தது. சர்க்கரை இறங்காவிட்டால் விரலை எடுக்கவேண்டி வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சோற்றை விடுங்கள், சாலட் சாப்பிடுங்கள் என்றும் சொன்னார்.

ஒரு நாள் காலை புண்ணுக்குக் கட்டு மாற்றிவிட்டு அண்ணாச்சி குருவிடம் வந்தார்.

“சாமி, ஒரு சந்தேகம்.”

“கேளுங்க.”

“வயிறு முட்டக் காய்தான் திங்கேன். எந்திரிக்கும்போது பசி இல்ல. ஆனா சாப்பிட்ட மாதிரியும் இல்ல. அது ஏன்?”

“அப்புறம் என்ன செய்வீங்க?”

அண்ணாச்சி காலைப் பார்த்துக்கொண்டார். “உங்க பானையில ரெண்டு கரண்டி சோறு எடுத்துத் தின்னுருவேன். அப்பதான் படுக்க முடியுது.”

“தினமுமா?”

“நேத்து மூணு கரண்டி.”

குரு கோபப்படவில்லை. கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

“வயித்துக்குப் பசி இல்ல. அப்ப அந்த மூணு கரண்டியைக் கேட்டது யாரு?”

“அதைத்தானே நான் உங்ககிட்ட கேக்கேன்.”

“சரி. இன்னைக்கு உலை வைக்க வேண்டாம். எனக்கும் சேத்து அந்த சாலட்டையே செய்யுங்க. பாக்கேன்.”

இருவரும் அடுக்களைக்குப் போனார்கள்.

“ஓட்டல்ல சாலட் செஞ்சிருக்கீங்களா?”

“சாலட்டுன்னா காசு வாங்காம வைக்கிறது சாமி. அதுக்குப் போயி யாரு மெனக்கெடுவா?”

முந்தின நாள் இடித்த இடிக்குப் புற்றோரம் காளான் முளைத்திருந்தது. அண்ணாச்சி அதைக் கழுவி, இரும்புச் சட்டியில் நல்லெண்ணெய் விட்டு வதக்கினார். காளான் விட்ட தண்ணீர் சுண்டியதும் முட்டைக்கோஸும் பீன்ஸும் விழுந்தன.

“கோஸ் வெந்துட்டா?”

“வேகப்படாது. சூடு ஏறணும், ஆனா கடிச்சா சத்தம் கேக்கணும்.”

“அதுக்குப் பச்சையாவே வச்சிரலாமே?”

“இந்த மழையில பச்சையாத் தின்னா வயிறு சும்மா இருக்குமா? நல்லாக் கேட்டீங்க போங்க.”

சட்டியை இறக்கி, வறுத்த வேர்க்கடலையைத் தட்டிப் போட்டார். தேங்காய்த் துருவல், மிளகுத்தூள், கடைசியில் அரை மூடி எலுமிச்சை. ஆவியோடு மணம் எழுந்தது. குரு சட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

“இதைத் தின்ன பிறகுமா சோறு தேடுது?”

“தேடுதே.”

அண்ணாச்சி எதிரெதிராக இரண்டு வாழையிலை போட்டுத் தண்ணீர் தெளித்தார். சட்டியைத் தூக்கி வந்து இரண்டு இலையிலும் தாராளமாகவே பரிமாறினார். பிறகு காலைப் பதனமாக நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

குருவின் கை மடியிலேயே இருந்தது.

“ஆறிப்போகுது சாமி.”

“ஆறட்டும்.”

“உப்பு கூடிட்டோ?”

“வாயிலயே வைக்கலையே.”

“பின்னே என்னத்தைப் பாக்கீங்க?”

“இலையைப் பாக்கேன்.”

அண்ணாச்சியும் பார்த்தார். இரண்டு இலையிலும் சாலட் மேல் ஓரத்தில், கூட்டும் பொரியலும் வைக்கிற இடத்தில் குவிந்து கிடந்தது. இடம் போதாமல் நாலைந்து கடலைகள் தரையில் சிந்தியிருந்தன. இலையின் மற்ற இடமெல்லாம் வெறுமை. தெளித்த தண்ணீர் மட்டும் அங்கங்கே முத்தாக நின்றது.

“அண்ணாச்சி,” என்றார் குரு, “யாரு வரணும்னு இவ்வளவு இடம் போட்டு வச்சிருக்கீங்க?”

அண்ணாச்சி கையை நீட்டி, ஓரத்தில் இருந்ததை நடுவுக்கு நகர்த்தினார்.