டம்ளரை மட்டும் பார்க்கும் கம்பெனி

கோயம்புத்தூரில் மோட்டார் பம்ப் செய்யும் கம்பெனி ஒன்றில் கனகசபாபதி என்று ஒரு மேனேஜர் இருந்தார். சமத்துவத்தைப் பற்றி மூச்சுவிடாமல் வகுப்பெடுப்பார். மூச்சு முட்டுவதெல்லாம் கேட்கிறவர்களுக்குத்தான்.

அந்த வகுப்பைப் பார்வையிடத் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி அம்மா வருவதாக இருந்தது. மேனேஜர் துப்புரவு வேலை செய்யும் பாவாயியைக் கூப்பிட்டார்.

"நம்ம கம்பெனில வேறுபாடே பாக்கறதில்லைன்னு நீ எந்திரிச்சுச் சொல்லோணும். அந்தம்மா நம்போணும். இல்லீன்னா வேலைய மறந்துரு."

பாவாயிக்கு வேலையை விடவும் வழியில்லை, பொய் சொல்லவும் மனசில்லை.

வகுப்பு முடிந்ததும் மேனேஜர் பாவாயியைப் பார்த்து, பேசு என்பதுபோல் சிரித்தார். அவள் முதலில் இருவருக்கும் டீ கொண்டுவந்து வைத்தாள். அதிகாரி எடுத்துக் குடித்தார். டம்ளரின் அடியில் சிவப்புப் பெயின்ட் அடையாளத்தைக் கண்ட மேனேஜர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"இது உங்காளுக டம்ளராச்சே. இதுல எதுக்குக் கொண்டாந்தே?"

அதிகாரி நிமிர்ந்தார். "உங்காளுகன்னா யாருங்க சார்?"

பாவாயி பணிவாக முன்னால் வந்து நின்றாள்.

"இங்க யாரும் வேறுபாடு பாக்கறதில்லீங்கம்மா. டம்ளர மட்டுந்தான் பாப்பாங்க."

பாவாயியின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த மாதம் சமத்துவ வகுப்பெடுக்க வெளியூரிலிருந்து வேறொருவர் வந்தார். முதல் வரிசையில் கனகசபாபதி கைகட்டி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.