அருளப்பனின் முகம்

“என் தம்பி முகம் மட்டும் கல்லுல வர மாட்டேங்குது, சென்செய்.”

பட்டறைக்குள் நுழைந்ததும் பிலவேந்திரன் அதைத்தான் சொன்னார்.

சென்செய் என்றால் ஜப்பானில் ஆசிரியர். இந்த ஆசிரியருக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். பெயர் கனாயே. மரத்தில் சிற்பம் செய்பவர், புகைப்படமும் எடுப்பவர்.

பிலவேந்திரன் வேளாங்கண்ணிப் பக்கம். சிற்பியாக ஊரறிந்தவர். ஒருமுறை சென்னையில் மழைக்கு ஒதுங்கிய இடத்தில் இன்றைய ஜப்பானியக் கலைஞர்களின் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது.

உள்ளே, வாளிக்குள் குனிந்து பார்க்கும் ஒரு மரச் சிறுமி. பக்கத்தில் ஒரு புகைப்படம். கடல் புகுந்துபோன ஊரில் வீடு போய், படிக்கட்டு மட்டும் நின்றது. இரண்டும் கனாயே செய்தவை.

மழை விட்டது. அவர் வெளியே வரவில்லை. கடைசியில் காவலாளி வந்து விளக்கை அணைக்கப்போவதாகச் சொன்னார்.

“இப்படியும் செய்யலாம்னு தெரியாமலே கல்லைக் கொத்திக்கிட்டு இருந்திருக்கேன்” என்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் புலம்பினார்.

அந்த ஏக்கம்தான் அவரை ஜப்பானில் கனாயேயின் பட்டறைவரை கொண்டுவந்தது.

கனாயே ஒரு கல்லைக் காட்டினார். “செய்யுங்கள், பிலா சான்.” முழுப் பெயர் அவர் வாயில் நுழையவில்லை; ‘சான்’ அங்கே மரியாதைக்குச் சேர்ப்பது. இருவரும் அரைகுறை ஆங்கிலத்தில்தான் பேசிக்கொண்டார்கள்.

தம்பி அருளப்பனின் கல்யாணப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிலவேந்திரன் செதுக்கினார். மூக்கு வந்தது. சுருட்டை முடி வந்தது.

கனாயே வந்து பார்த்தார்.

“இவர் உங்கள்மேல் ஏன் கோபமாக இருக்கிறார்?”

பிலவேந்திரன் உளியைக் கீழே வைத்தார்.

“நான்தான் கோபமா இருந்தேன். அப்பாவோட படகை என்னைக் கேக்காம வித்துட்டான். அதோட பேச்சை நிறுத்திட்டேன்.”

“பிறகு?”

“ஒரு கிறிஸ்துமஸ் அன்னிக்குத் தட்டுல கேக்கோட பட்டறை வாசலுக்கு வந்து நின்னான். ‘அண்ணே’ன்னான்.”

“நீங்கள்?”

“கல்லைக் கொத்திக்கிட்டே இருந்தேன்.”

“அப்போது அவர் முகம் எப்படி இருந்தது?”

“நான் திரும்பலை, சென்செய்.”

பிலவேந்திரன் மடியில் விழுந்திருந்த கல் தூளைத் தட்டினார்.

“மறுநாள் காலையில கடல் ஊருக்குள்ள வந்துடுச்சு. அவன் கிடைக்கவே இல்லை.”

கனாயே அந்தக் கல்லை ஓரமாகத் தள்ளினார். வேறொரு கல்லை உருட்டிவந்து, வாசலுக்கு முதுகு காட்டி உட்காரும்படி முக்காலியைத் திருப்பிப் போட்டார். சுத்தியலை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

“வேலை செய்யுங்கள்.”

“என்ன செய்யணும்?”

“எது வேண்டுமானாலும்.”

பிலவேந்திரன் கொத்தத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் கல் அவரை இழுத்துக்கொண்டது. கனாயே எப்போதோ போய்விட்டிருப்பார் என்று நினைத்தார். பிறகு அந்த நினைப்பும் இல்லை.

சாயங்காலம் கனாயே அவர் மடியில் ஒரு புகைப்படத்தை வைத்தார்.

வாசலிலிருந்து எடுத்த படம். வியர்வையில் ஒட்டிய சட்டை. குனிந்த பிடரி. ஓங்கிய சுத்தியல். அகலமான, அசையாத ஒரு முதுகு.

பிலவேந்திரன் தன் முதுகை அதுவரை பார்த்ததில்லை. பார்த்தவன் ஒருவன் இருந்தான்.

படத்தைக் கையில் எடுத்தார்.

“அங்க எவ்வளவு நேரம் நின்னீங்க, சென்செய்?”

“நீங்கள் திரும்புவீர்கள் என்ற நம்பிக்கை இருந்த வரைக்கும்.”