கரடி முகர்ந்து பார்க்காத கஞ்சி

மலைக்காட்டில் வேம்பன் என்னும் கரடியும் அவன் மனைவி பொம்மியும் ஒரே குட்டியோடு ஒரு குகையில் குடியிருந்தார்கள். வேம்பன் மரம் வெட்டி விறகு கொண்டுவருவான். பொம்மி தினைக்கஞ்சி காய்ச்சுவாள். விறகுப் புகை வெளியே போக வழியில்லாமல் குகைக்குள்ளேயே சுற்றும். பொம்மியின் கண்கள் எப்போதும் சிவந்திருக்கும். குட்டி இருமிக்கொண்டே தூங்கும், இருமிக்கொண்டே எழும்.

குகைக்கு எதிரே ஒரு பெரிய மரம். அதன் பொந்தில் ஒரு பெண் இருவாச்சிப் பறவை வாசலை அடைத்துக்கொண்டு அடைகாத்தது. அலகு நுழையும் அளவுக்கே ஓட்டை. ஆண் இருவாச்சிதான் பழம் கொண்டுவந்து ஊட்டும். சுற்றியிருந்த மரங்கள் எல்லாம் கரடியின் அடுப்புக்குப் போவதைப் பார்த்து அது ஒருநாள் வேம்பனிடம் பறந்து வந்தது.

"வேம்பா, ஓடைக்கு அந்தப் பக்கம் காட்டெருமை அக்கா சாண வாயுவில் சமைக்கிறாள். சாணத்தைக் கரைத்துக் குழியில் ஊற்றி மூடிவிட்டால் வாயு வருகிறது. மூங்கில் குழாய் வழியாக அடுப்புக்குப் போகிறது. விறகும் வேண்டாம், புகையும் இல்லை" என்றது இருவாச்சி.

"சாணத்தில் காய்ச்சிய கஞ்சியா? நாறுமே."

"முகர்ந்து பார்த்தாயா?"

"எதற்கு? நீ சொல்லும்போதே நாறுகிறது."

மறுநாளும் இருவாச்சி விடவில்லை. "குட்டி இருமுகிறதே, உன் காதில் விழவில்லையா?"

"எங்கள் வம்சத்தில் எல்லாருமே இருமுவோம்."

"புகையினால்தான் இருமுகிறீர்கள்!"

"புகை இருந்தால்தான் கொசு வராது."

"மூச்சும்தான் வராது."

"பழம் தின்கிற பறவைக்கு விறகடுப்புக் கஞ்சியின் ருசி எப்படித் தெரியும்?" என்று வேம்பன் சொல்லிவிட்டுப் போனான். இருவாச்சி கிளையில் தலையை முட்டிக்கொண்டது.

பக்கத்து மரங்கள் தீர்ந்தன. கோடை மழை இறங்கும் நேரம். வேம்பன் கோடரியோடு அந்தப் பெரிய மரத்தடிக்கே வந்து ஒரு வெட்டு வெட்டினான். பொந்துக்குள்ளிருந்து பெண் பறவை அலறியது. ஆண் இருவாச்சி பழங்களைக் கீழே போட்டுவிட்டுப் பறந்து வந்தது.

"உள்ளே என் மனைவியும் குஞ்சுகளும் இருக்கிறார்கள். அவளுக்கு இறகு உதிர்ந்திருக்கிறது. பறக்க முடியாதப்பா."

"அதற்கு நான் என்ன செய்ய? எங்கள் வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா?" வேம்பன் மறுபடியும் ஓங்கினான்.

அப்போது பொம்மி குகையிலிருந்து வெளியே வந்தாள். தோளில் குட்டி, இடுப்பில் கஞ்சிப்பானை. குட்டி மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தது.

"காட்டெருமை அக்கா வீட்டுக்குப் போகிறேன்" என்றாள்.

"அங்கே எதற்கு?"

"நீங்கள் முகர்ந்து பார்க்க மாட்டேன் என்றதை நான் முகர்ந்து பார்க்கப் போகிறேன். நான் வருவதற்குள் இந்த மரத்தைத் தொட்டீர்களானால், இனிமேல் கஞ்சியை நீங்களே காய்ச்சிக்கொள்ளுங்கள்."

வேம்பனுக்குச் சமைக்கத் தெரியாது. கோடரியைக் கீழே வைத்தான்.

காட்டெருமையின் அடுப்பு நீல நிறமாக எரிந்தது. கஞ்சி கொதிக்கும்போதே குட்டி பொம்மியின் மடியில் இருமாமல் தூங்கிப்போனது. அதைப் பார்த்துப் பொம்மி அழுதேவிட்டாள்.

"அழாதே. குழியை வெட்டு, சாணம் நான் தருகிறேன்" என்றது காட்டெருமை.

பொம்மி அந்தக் கஞ்சியோடு வீடு திரும்பியதும் வேம்பன் பானையை வழித்து நக்கினான். "இன்று தேன் கூடுதலாகப் போட்டாயா?"

"இல்லை. சாண வாயுவில் காய்ச்சினேன்."

வேம்பன் காலிப் பானைக்குள் மூக்கை நுழைத்து நெடுநேரம் முகர்ந்தான். "இப்போது பார்த்தால், லேசாக ஒரு வாடை இருக்கிற மாதிரி..."

பொம்மி கடப்பாரையை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். அவன் முணுமுணுத்தபடியே குழி வெட்டினான்.

சில வாரங்களில் குகைக்குள்ளும் நீலத் தீ எரிந்தது. குட்டியின் இருமல் மெல்லத் தணிந்தது. எதிர் மரத்திலிருந்து இருவாச்சிக் குஞ்சுகள் பறந்து போயின.

நல்லதைச் சோதித்துப் பார்க்காமலே வேண்டாம் என்று பிடிவாதம் பிடிப்பவரால், அவர் வீட்டாரும் அக்கம்பக்கத்தாருமே அவதிப்படுகிறார்கள்.