கடைசியாக மலையேறியவர்

உமையாள் அம்மையின் மடத்தில் பன்னிரண்டு சீடர்கள். அவர்களில் தணிகாசலம் மட்டும் அம்மையைவிட மூத்தவர். நூற்பாலையில் பாய்லர் பிட்டராக இருந்தவர். ஒரு கைகலப்பில் எதிராளியின் உயிர் போய்விட, பதினான்கு வருடம் சிறையில் இருந்துவிட்டு மடத்துக்கு வந்திருந்தார்.

மாதம் ஒரு நாள் விடியற்காலையில் எல்லோரும் மலையேறுவார்கள். அம்மை முன்னால் போவார். உச்சியில் பாடம் நடக்கும். தணிகாசலத்துக்கு முழங்கால் வலி. அவர் போய்ச் சேரும்போது மற்றவர்கள் இறங்கிக்கொண்டிருப்பார்கள்.

மூன்றாவது மாதம் பாதி வழியிலேயே ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். மற்றவர்கள் எப்போதோ மேலே போயிருந்தார்கள். சற்று நேரத்தில், அன்று முன்னால் போகாத அம்மை கீழேயிருந்து ஏறி வந்தார்.

“ஏன் உட்கார்ந்துட்டீங்க?”

“நான் ஊருக்கே போயிடறேன்மா. பசங்க என்னை லேக்குன்னு கூப்பிடறாங்க. பிரியமாத்தான் சொல்றாங்க. ஆனா நெஜம்தானே.”

“எனக்கு இங்கிலீஷ் வராது. அப்படின்னா என்ன?”

“பின்தங்கிப் போறது. போன்ல பேசினா பேச்சு தாமதமா வந்து விழுமே, அதுக்கும் அதான். திரும்பத் திரும்ப ஜெயிலுக்குப் போறவனையும் அப்படிச் சொல்வாங்கன்னு அங்க ஒரு வாத்தியார் சொன்னார்.”

“அவ்வளவுதானா?”

தணிகாசலம் யோசித்தார்.

“மில்லுல நீராவிக் குழாய் மேல கயிறு சுத்துவோம், சூடு வெளிய போகாம. அதுக்கும் லேக்கிங்னுதான் பேரு.”

அம்மை தோளில் கிடந்த துண்டை எடுத்தார். அவர் முன்னால் மண்டியிட்டு, முழங்காலைச் சுற்றிக் கட்டத் தொடங்கினார். தணிகாசலம் பதறிப்போய்க் காலை இழுத்துக்கொண்டார்.

“அம்மா, வேண்டாம்மா.”

“ஆடாம இருங்க. மில்லுல இப்படித்தான் சுத்துவீங்களா?”

“இன்னும் கொஞ்சம் நெருக்கமா.”

அம்மை அவிழ்த்து மறுபடி சுற்றினார். தணிகாசலம் அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பொண்டாட்டிக்குக் காரியம் முடிஞ்சப்புறம்தான் வந்தேன். மக கல்யாணம் முடிஞ்சப்புறம்தான் வந்தேன். இங்கயும் பாடம் முடிஞ்சப்புறம்தான் போய்ச் சேருவேன்.”

அம்மை முடிச்சைப் போட்டுவிட்டு எழுந்தார். தணிகாசலம் முன்னே நடப்பதற்கு வழிவிட்டு நின்றார்.

“எப்படி முடிஞ்சிருக்கும்? பாடம் சொல்ல வேண்டியவ உங்க பின்னாடிதானே வர்றேன்.”