காற்றில் போன மணத்துக்கு ஒரு வழக்கு

ஒரு மலைக்காட்டில், சுனைக்கு மேற்கே இருந்த பாறை இடுக்கில் ரஞ்சிதம் என்றொரு புனுகுப்பூனை இருந்தது. வெட்டிவேர், மகிழம்பூ, சந்தனச் சிராய் மூன்றையும் சேர்த்து இடித்து அது ஒரு மணப்பூச்சு செய்யும். கடைசியில் தன் உடம்பில் ஊறும் புனுகில் ஒரு துளி கலக்கும். அந்தத் துளி விஷயம் மட்டும் காட்டில் ஒருவருக்கும் தெரியாது.

பூச்சை நத்தைக் கூட்டில் அடைத்து, தேன்மெழுகால் வாயை மூடி, மேலே நகத்தால் மூன்று கீறல் போடும். மூன்று கீறலைப் பார்த்தாலே இது ரஞ்சிதத்தின் சரக்கு என்று எல்லோருக்கும் தெரியும்.

வாங்குகிறவர்கள் பெரும்பாலும் மான்கள். அழகுக்காக இல்லை. அந்தக் காட்டில் செந்நாய்க் கூட்டம் ஒன்று திரிந்தது. செந்நாய்கள் மோப்பம் பிடித்தே வேட்டையாடும். குட்டியின் மேல் இந்தப் பூச்சைத் தடவிவிட்டால் குட்டியின் வாசனை மறைந்துபோகும். பத்தடி தூரத்தில் வந்தாலும், ‘ஏதோ பூத்த புதர்’ என்று செந்நாய் போய்விடும். காலையில் தடவினால் மறுநாள் காலை வரை மணம் நிற்கும். ஒரு கூட்டுக்கு ஒரு நெல்லிக் கிளை விலை.

ஒரு நாள் வெள்ளையம்மா என்ற புள்ளிமான் சுனைக்கரையில் ரஞ்சிதத்தைப் பார்த்துச் சிரித்தது.

“உன் சரக்கு இப்போ பாதி விலைக்குக் கிடைக்குதே, ரொம்ப சந்தோஷம்!”

“பாதி விலைக்கா? நான் குறைக்கவே இல்லையே!”

“மருதப்பன்கிட்ட வாங்கினேன். உன் சரக்குதான்னு சொன்னானே!”

மருதப்பன் ஒரு மரநாய். தூரத்துச் சொந்தம் வேறு. ரஞ்சிதம் நேராக அதன் மரத்தடிக்கு ஓடியது. அங்கே வரிசையாக நத்தைக் கூடுகள். ஒவ்வொன்றிலும் மூன்று கீறல்! ஒன்றைத் திறந்து முகர்ந்தது. அதே வெட்டிவேர். அதே மகிழம்பூ. அச்சு அசல் அதே மணம்!

“அடப்பாவி! இது என் மணம்!”

“வாங்கக்கா, வாங்க!” என்று மருதப்பன் பல்லைக் காட்டியது. “மணம் எப்படி இருக்கு? தூக்கிப்போட்ட கூடுகளைப் பொறுக்கி, ஒரு மாசம் முகர்ந்து முகர்ந்து கண்டுபிடிச்சேன். நீங்களே சொல்லுங்க, வித்தியாசம் தெரியுதா?”

“தெரியலையே! அதுதானே என் வயிற்றெரிச்சல்!”

“அப்போ பாராட்டுங்கக்கா! எதுக்குக் கோவிச்சுக்கறீங்க?”

பேசிப் பயனில்லை என்று ரஞ்சிதத்துக்குப் புரிந்தது. அந்தக் காட்டில் நியாயம் சொல்வது கரியமாணிக்கம் என்ற கரடி. வேங்கை மரத்தடியில் உட்கார்ந்து, முதுகை மரத்தில் தேய்த்துக்கொண்டே வழக்குக் கேட்கும். ரஞ்சிதம் மூச்சிரைக்க அங்கே போய் நின்றது.

“ஐயா! என் மணத்தைத் திருடிட்டான்!”

“எங்கே இருந்தது?”

“நத்தைக் கூட்டில்.”

“கூட்டை எடுத்துட்டானா?”

“இல்லைங்க. கூடு என்கிட்டதான் இருக்கு.”

“உள்ளே பூச்சு இருக்கா?”

“இருக்கு.”

“மணம் வருதா?”

“வருது!”

கரடி தலையைச் சொறிந்தது. “கூடும் இருக்கு, பூச்சும் இருக்கு, மணமும் இருக்கு. அப்போ காணாமப்போனது என்னம்மா? யோசிச்சு நாளைக்கு வா.”

ரஞ்சிதம் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பியது. மறுநாள் விடியலிலேயே வந்து நின்றது.

“ஐயா, அந்த மணம் எனக்குச் சொந்தம்னு தீர்ப்புச் சொல்லுங்க. வேற யாரும் அதைச் செய்யக் கூடாது. அவ்வளவுதான்!”

“சரி. எந்த மணம்? எப்படி இருக்கும்னு சொல்லு. மரத்தில் கீறிவைக்கணும். நாளைக்கு வேறொருத்தர் வந்து கேட்டா எனக்கு அடையாளம் தெரியணுமே!”

ரஞ்சிதம் கண்ணை மூடி யோசித்தது. “கோடை முடிஞ்சு முதல் மழை பெய்யும்போது, ஈர மண்ணில் பூ விழுந்து கிடக்கிற மாதிரி…”

கரடி ஒரு கூட்டை வாங்கி முகர்ந்தது. “எனக்கு அப்படித் தோணலையே! புதுசா இடிச்ச கரையான் புற்று மாதிரி இருக்கு. நாக்கில் எச்சில் ஊறுது.” அங்கே நின்றிருந்த ஒரு கிழ மானிடம் நீட்டியது. “உனக்கு?”

“எனக்கு எங்க அம்மா மடி ஞாபகம் வருதுங்க” என்றது மான்.

“பார்த்தியா! மழை, புற்று, மடி. மூணில் எதை நான் கீறுறது?”

“மூக்கு ஆளுக்கு ஆள் வேறயா இருந்தா அதுக்கு நானா பொறுப்பு?” என்று கத்தியது ரஞ்சிதம்.

“கத்தாதே. நாளைக்கு வா.”

மூன்றாம் நாள் கரடி வேறொரு வழி கண்டுபிடித்திருந்தது. “மணத்தைச் சொல்ல வேண்டாம். அதில் என்னென்ன சேருதுன்னு எல்லோர் முன்னாலும் சொல்லு. அதைக் கீறிவைக்கிறேன்.”

“சொன்னா காடு முழுக்கச் செய்ய ஆரம்பிச்சிடுமே!”

“சொல்லாட்டி அது உன்னுடையதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“சொன்னா அது என்னுடையதா இருக்காதே!”

“அதுக்கு நான் என்ன பண்றது?”

ரஞ்சிதம் தலையில் அடித்துக்கொண்டது. அப்போது மருதப்பன் பணிவாகக் கை கூப்பியபடி முன்னே வந்தது.

“ஐயா, நான் ஒரு வார்த்தை பேசலாமா? வெட்டிவேரை அக்காவா படைச்சாங்க? மகிழம்பூவுக்கு மணம் கொடுத்தது அக்காவா? அந்த மரத்துக்கிட்ட என்னைக்காவது அனுமதி கேட்டாங்களா? மரத்துகிட்டே இருந்து அக்கா எடுத்தாங்க. அக்காகிட்டே இருந்து நான் எடுத்தேன். அவங்க செஞ்சா கைத்திறன், நான் செஞ்சா திருட்டா?”

கூட்டத்தில் சிலர் தலையாட்டினார்கள். ரஞ்சிதத்துக்கு எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது ஒன்றுதான். அந்தப் பயல் பேச்சில் பாதி உண்மை!

இப்படியே பத்து நாள் போயிற்று. கரடிக்கு ஒரு நாள் சளி பிடித்து மூக்கு அடைத்துக்கொண்டது. ஒரு நாள் தேனடை தேடிப் போய்விட்டது. பத்தாம் நாள் மாலை, வெயில் சாயும் நேரத்தில் தீர்ப்பு வந்தது.

“மணம் காற்றில் போறது. யார் மூக்கிலும் ஏறும், யார் கைக்கும் அடங்காது. அதை ஒருத்தருக்குச் சொந்தம்னு என்னால் சொல்ல முடியாது. வழக்கு தள்ளுபடி!”

“பத்து நாள் அலைய விட்டது இதைச் சொல்லத்தானா?” என்று ரஞ்சிதம் சீறியது. கரடி அதற்குள் முதுகு சொறிய ஆரம்பித்துவிட்டது. மருதப்பன், “மனசில வெச்சுக்காதீங்கக்கா!” என்றபடி பின்னாலேயே வந்தது. “வாயை மூடு!” என்று சொல்லிவிட்டு ரஞ்சிதம் விறுவிறுவென்று நடந்தது.

இந்தப் பத்து நாளும் அது ஒரு கூடுகூடச் செய்யவில்லை. ‘இது அக்கா செஞ்ச பழைய சரக்கு’ என்று மருதப்பன் சொன்னதையும் மூன்று கீறலையும் நம்பி, மான்கள் எல்லாம் அதனிடமே வாங்கின. கோபத்தில் அதை யோசிக்கவும் நேரமில்லை.

சுனைக்கரைப் புல்லைத் தாண்டும்போது ரஞ்சிதத்தின் மூக்கு சட்டென்று விடைத்தது. பச்சை மான்குட்டி வாசனை! புல்லை விலக்கிப் பார்த்தது. வெள்ளையம்மாவின் குட்டி சுருண்டு படுத்திருந்தது. மேலே பூச்சு தடவியிருந்தது. ஆனால் மணம் துளிகூட இல்லை. காலையில் தடவிய மணம் மதியமே பறந்துபோயிருந்தது.

மருதப்பனின் சரக்கில் புனுகு இல்லை. எந்நேரமும் தன் மேலேயே வீசும் வாசனை என்பதால், அன்று முகர்ந்தபோது ரஞ்சிதத்துக்கு அது தெரியவில்லை. வெட்டிவேரையும் மகிழம்பூவையும் உடம்போடு பிடித்துவைப்பது அந்த ஒரு துளிதான்.

மேட்டிலிருந்து சீழ்க்கை ஒலி கேட்டது. செந்நாய்கள்! ஒன்றை ஒன்று கூப்பிடும் சத்தம். பின்னால் வந்த மருதப்பன் ஒரே தாவில் மரத்தில் ஏறியது.

“அக்கா, ஏறுங்க! உங்களையும் சேர்த்துக் கிழிச்சிடும்!”

ரஞ்சிதமும் மரத்தை நோக்கி ஓடியது. பாதி வழியில் நின்றது. குட்டி அதையே பார்த்துக்கொண்டிருந்தது. அசையாதே என்று தாய் சொல்லிவிட்டுப் போயிருக்கிறது. அதனால் அசையவில்லை. காதுகள் மட்டும் நடுங்கின.

“பத்து நாள் வழக்கும் போச்சு, இப்போ ரகசியமும் போகுது!” என்று முணுமுணுத்துக்கொண்டே ரஞ்சிதம் திரும்பியது. தன் உடம்பைக் குட்டியின் மேல் அழுத்தித் தேய்த்தது. முதுகில், வயிற்றில், நான்கு கால்களில். சுற்றியிருந்த புல்லிலும் தேய்த்தது. புனுகின் காட்டமான நெடி குப்பென்று எழுந்தது. பிறகு குட்டியின் பக்கத்திலேயே ஒட்டிப் படுத்து மூச்சை அடக்கிக்கொண்டது.

செந்நாய்கள் இறங்கி வந்தன. ஒன்று புல் வரை வந்து மூக்கை நீட்டியது. அதன் மீசை மயிர் ரஞ்சிதத்துக்குத் தெரிந்தது. நெடி தாங்காமல் அது இரண்டு தும்மல் போட்டது.

“இங்கே ஒண்ணுமில்லை. ஏதோ கெட்ட நெடி!” என்றது.

கூட்டம் சுனையைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது.

மரத்தின் மேலிருந்து குரல் வந்தது. “ஓ! புனுகுதான் விஷயமா! இது எனக்குத் தோணாமப் போச்சே!”

ரஞ்சிதத்துக்கு அழுவதா அடிப்பதா என்று தெரியவில்லை.

வெள்ளையம்மா ஓடி வந்து குட்டியை நக்கி நக்கிப் பார்த்தது. விஷயம் தெரிந்ததும் அதன் கண் சிவந்தது. மறுநாள் மான்கள் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு வேங்கை மரத்தடிக்குப் போயிற்று. ரஞ்சிதம் வர மறுத்தது. மான்கள் இழுத்துக்கொண்டு போயின.

“மறுபடியும் மணமா?” என்று கரடி அலுத்துக்கொண்டது.

“மணம் இல்லைங்க, பொய்!” என்றது வெள்ளையம்மா. “ரஞ்சிதம் செஞ்சதுன்னு இவன் சொன்னான். மூணு கீறலும் போட்டிருந்தான். காலையில் தடவினது மதியமே பறந்துபோச்சு. அவ பேரை நம்பித்தான் என் குட்டியைப் புல்லில் விட்டுட்டுப் போனேன். இவன் சரக்குன்னு தெரிஞ்சிருந்தா விட்டிருப்பேனா?”

கரடி முதுகு தேய்ப்பதை நிறுத்தியது. நிமிர்ந்து உட்கார்ந்தது.

“மருதப்பா, ரஞ்சிதம் சரக்குன்னு சொன்னியா?”

“அது வந்து… அதே மணம்தானேங்க…”

“நான் மணத்தைக் கேட்கலை. சொன்னியா இல்லையா?”

“சொன்னேங்க.”

“கீறல் போட்டியா?”

“போட்டேங்க.”

“முடிஞ்சுது!” கரடி தரையில் ஓங்கி அறைந்தது. “மணம் யாரும் செய்யலாம். நீயும் செய். ஆனா இனி உன் கூட்டில் மூணு கீறல் இருக்கக் கூடாது. உன் அடையாளத்தைப் போடு. வாங்குறவங்ககிட்ட ‘இது மருதப்பன் சரக்கு, மதியம் வரைதான் நிற்கும்’னு வாயால் சொல்லித்தான் கொடுக்கணும். மீறினா இந்தச் சுனைப் பக்கமே நீ வரக் கூடாது!”

மருதப்பன் தலையைத் தொங்கப் போட்டது. மான்கள் ஆரவாரம் செய்தன. ரஞ்சிதம் மட்டும் கொதித்தது.

“ஐயா! இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே! என்னைப் பத்து நாள் அலைய விட்டீங்களே!”

“முதல் நாள் நீ என்னம்மா கேட்டே?” என்றது கரடி. “மணத்தைக் கொடுன்னு கேட்டே. உன் பேரைத் திருடினதா நீ ஒரு நாளாவது சொன்னியா?”

ரஞ்சிதம் யோசித்துப் பார்த்தது. சொல்லவில்லைதான். அந்தக் கீறலைக் கண்ணால் பார்த்தும் அதைப் பெரிதாக நினைக்கவே இல்லை. மூக்கு சொன்னதையே பிடித்துக்கொண்டு நின்றிருந்தது.

புனுகு இல்லாத மரநாய் என்ன செய்தும் மணம் மதியத்தைத் தாண்டவில்லை. கல்யாணத்துக்குப் போகிற முயல்களும் விளையாட்டுக்குப் பூசிக்கொள்ளும் குரங்குகளும் அதனிடம் மலிவாக வாங்கின. அதைக் கேட்கும்போதெல்லாம் ரஞ்சிதம் ‘ச்சே!’ என்று முகத்தைச் சுளித்துக்கொள்ளும். ஆனால் குட்டி உள்ள ஒரு மான்கூட மருதப்பன் மரத்தடிக்குப் போகவில்லை. மூன்று கீறலைத் தேடிப் பாறை இடுக்குக்கே வந்தன.

காற்றில் போகும் மணம் எல்லோருக்கும் பொது, ஆனால் ஒருவர் பேரும் அந்தப் பேர் மேல் பிறர் வைத்த நம்பிக்கையும் அவருக்கே சொந்தம். ஆகவே நியாயம் கேட்கப் போகும்முன் நம்மிடமிருந்து பறிபோனது எது என்று தெளிவாகத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.