பொருந்தும்னா பொருந்தும்

பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் ஆதிலிங்க அண்ணாச்சியை யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. விற்ற பொருளைத் திரும்ப வாங்குகிற வழக்கமும் அவருக்கு இல்லை.

அவர் கடைக்குத் தையல்காரி ஜெபராணி வந்தாள். எம்பிராய்டரி டிசைன் போட ஒரு கம்ப்யூட்டரைத் தன் கையாலேயே பாகம் பாகமாகச் சேர்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

அண்ணாச்சி ஒரு மதர்போர்டை எடுத்து வைத்தார். "நான் பில் போடுற மெஷின்லயும் இதே போர்டுதான். வருஷக்கணக்கா மக்கர் பண்ணாம ஓடுது" என்றார். பிறகு, அதில் மாட்டுவதற்கென்று, விற்காமல் கிடந்த ஒரு பிராசசரைத் தூசி தட்டி அதன் பக்கத்தில் வைத்தார்.

"இது வேற மாடலாச்சே அண்ணாச்சி. இந்த போர்டுல உட்காருமா?"

"துணி தைக்கிற பிள்ளைக்கு அந்த ஆராய்ச்சி எதுக்கு? நான் பொருந்தும்னா பொருந்தும்."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஜெபராணியும் சிரித்தாள்.

"நீங்க சொன்னா சரிதான். உங்க மெஷின்லயும் இதே போர்டுதானே? இந்தப் பிராசசரை அதுல ஒருதடவை மாட்டிக் காட்டுங்க. உடனே வாங்கிக்கிடுதேன்."

அண்ணாச்சி பதறிப்போய்த் தன் மெஷினைக் கையால் மறைத்துக்கொண்டார். "அதெப்படிம்மா? என் போர்டுல ஊசி மாதிரி இருக்குற பின்னெல்லாம் வளைஞ்சு போயிருமே."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. உள்ளே போய், அந்த போர்டுக்கு உரிய பிராசசரைக் கொண்டுவந்து கொடுத்தார்.

ஜெபராணி நன்றி சொல்லிவிட்டு நகர்ந்தாள். அவளுக்குப் பின்னால் நின்று சிரித்தவர்களில் ஒருவர், சற்றுமுன் வாங்கிப் பைக்குள் போட்டிருந்த பிராசசரை மெதுவாக எடுத்து மேசைமேல் வைத்தார்.

"அண்ணாச்சி, இதையும் உங்க மெஷின்ல ஒருதடவை மாட்டிக் காட்டுங்களேன்."