நிபந்தனையோடு வந்த கொடை

முன்னொரு காலத்தில் நொச்சி நாட்டை ஆதிகேசன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். கெட்டவன் இல்லை. ஆனால் காலையில் தோன்றிய யோசனையைச் சாப்பாட்டு வேளைக்குள் சட்டமாக்கிவிடுவான். அதில் எது உருப்படும், எது ஊரைக் கெடுக்கும் என்று பார்க்கிற வேலை மந்திரி நன்னியாருடையது.

அந்த நாட்டில் ஒரு பெரிய கல்விச்சாலை இருந்தது. ஆடிக் காற்றில் மாணவர் விடுதியின் கூரை பிய்த்துக்கொண்டு போனது. உடனே ராஜா முரசறைவித்தான்: "கல்விச்சாலைக்காக யார் வேண்டுமானாலும் கொடை திரட்டலாம். வந்த கொடை எதையும் திருப்பக் கூடாது. அதிகம் திரட்டுபவரே இனி அதற்குத் தலைவர்!"

ஊர் பட்ட பாடு சொல்லி மாளாது. இலக்கணத்துக்கு என்று ஒருவர் வந்து நெல் வாங்கிப் போவார். அவர் தெருமுனை திரும்புமுன் வானசாஸ்திரத்துக்கு என்று இன்னொருவர் வந்து நிற்பார். கல்விச்சாலை எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாதவர்கள்கூடப் பட்டையாகத் திருநீறு பூசிக்கொண்டு வசூலுக்குக் கிளம்பினார்கள். கொடுத்த ஜனங்களுக்கு எரிச்சல்தான் மிச்சம். விடுதிக்கு ஒரு கீற்றுகூட வந்து சேரவில்லை.

அரசவையில் வீரசிங்கன் என்றொருவன். நன்னியாரைக் கண்டாலே அவனுக்கு ஆகாது. தலைவர் பதவி கிடைத்தால் அவரை மிஞ்சிவிடலாம் என்று கணக்குப் போட்டு, தைல வியாபாரி சாத்தப்பனைப் பிடித்தான்.

"விடுதி முழுவதையும் கல்லால் கட்டித் தருகிறேன்" என்றார் சாத்தப்பன். "ஒரே ஒரு நிபந்தனை. என் பொன் தைலத்தைத் தடவினால் எந்தக் காய்ச்சலும் தீரும் என்று மருத்துவ வகுப்பில் சொல்லித்தர வேண்டும்."

மருத்துவம் கற்பித்தவள் பூதியம்மை. முடியாது என்றுவிட்டாள். ராஜா அவளை அவைக்கு வரவழைத்தான்.

"ஒரு வரி கூடுதலாகச் சொல்வதில் உனக்கு என்ன குறைந்துவிடும்?"

"எனக்கு ஒன்றும் குறையாது, மகாராஜா. அந்தத் தைலம் கைகால் வலிக்கு இதமாக இருக்கும். காய்ச்சலுக்கு ஆகாது. என்னிடம் படித்தவர்கள் நாளைக்கு ஊர் ஊராகப் போய் வைத்தியம் பார்ப்பார்கள். தைலத்தை நம்பிக் கஷாயத்தை நிறுத்தினால் குழந்தைகள் செத்துப்போகும்."

"தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கிறாள், மகாராஜா!" என்று வீரசிங்கன் குறுக்கே பாய்ந்தான்.

ராஜாவுக்கு முகம் சிவந்தது. "அமாவாசைக்குள் தைலத்தைக் கற்பி. இல்லையென்றால் மூட்டையைக் கட்டு!"

நன்னியார் மெல்ல எழுந்தார். "கொடையைத் திருப்பக் கூடாது என்ற சட்டம் அரண்மனைக்கும் உண்டா, மகாராஜா?"

"அதென்ன கேள்வி? அரண்மனைக்கும்தான். நிபந்தனையோடு வந்தாலும் ஏற்பேன்!"

மறுநாளே ஊறுகாய் விற்கும் மாரக்காள் ஒரு பெரிய சாடியோடு வந்து நின்றாள். அனுப்பியவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. "நார்த்தங்கா ஊறுகா, மகாராசா. மனசாரக் குடுக்கறேன். நீங்க எதைத் தின்னாலும் இதைத் தொட்டுக்கிட்டுத்தான் தின்னணும்."

ராஜா சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டான். அன்று பாயசத்துக்கும் ஊறுகாய், பாலுக்கும் ஊறுகாய். அடுத்து ஒரு கம்பளி வியாபாரி வந்தான். அவன் கொடுத்த கம்பளியைப் போர்த்திக்கொண்டுதான் கொலுவிருக்க வேண்டுமாம். ஆவணிப் புழுக்கத்தில் ராஜாவுக்கு வியர்வை ஆறாக ஓடியது.

கடைசியில் கம்பளியை உதறி எறிந்தான். "இது யாருடைய நாக்கு? நான் எதைத் தின்பது, எதைப் போர்த்துவது என்று கொடுத்தவன் சொல்வதா? அப்புறம் நான் எதற்கு ராஜா?"

"வகுப்பில் எதைச் சொல்வது என்று கொடுத்தவர் முடிவு செய்தால் ஆசிரியர் எதற்கு என்பதுதான் பூதியம்மையின் கேள்வியும்" என்றார் நன்னியார். "உங்கள் நாக்கு ஒரு சொம்பு மோரில் ஆறிவிடும், மகாராஜா. வகுப்பில் சொன்ன பொய் ஊர் ஊராகப் போய்விடும். அதைத் திரும்பக் கூப்பிட யாரால் முடியும்?"

"ஊறுகாயும் கல்வியும் ஒன்றா?" என்று வீரசிங்கன் சீறினான்.

"போன மாதம் உங்கள் மகளுக்குக் காய்ச்சல் வந்ததே. பொன் தைலமா தடவினீர்கள்?" என்று கேட்டார் நன்னியார்.

வீரசிங்கன் தலை கவிழ்ந்தது. "பூதியம்மையின் கஷாயம்தான் கொடுத்தோம்" என்றான்.

தன் பிள்ளைக்கு ஒரு மருந்து, ஊரான் பிள்ளைக்கு ஒரு மருந்து! இப்படிப்பட்டவர்களை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ராஜாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். அவன் பூதியம்மையை மறுபடி அழைத்தான்.

"பிழை என்னுடையது. என்ன செய்யலாம், நீயே சொல்."

"கொடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கூரை எங்களுக்கும் வேண்டும்" என்றாள் அவள். "கல்விச்சாலையின் பெயரைச் சொல்லிக் கேட்கிறவர் முதலில் எங்களிடம் அனுமதி வாங்கட்டும். ஒரு வீட்டுக்கு ஒருவர் போனால் போதும். வருவதெல்லாம் ஒரே வாசல் வழியாக வரட்டும். எதற்காகக் கொடுக்கிறோம் என்று கொடுப்பவர் சொல்லட்டும். அதற்கே செலவழித்து அவருக்குப் பதில் சொல்வோம். ஆனால் எதைக் கற்பிப்பது, யாரைச் சேர்ப்பது என்பதை மட்டும் எங்களிடம் விட்டுவிடுங்கள்."

அதுவே சட்டமாயிற்று. ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி நன்னியாருக்குப் போட்டான். வீடு வீடாகப் போய் ஜனங்களிடம் மன்னிப்புக் கேட்கும் வேலை வீரசிங்கனுக்குக் கிடைத்தது.

சாத்தப்பன் பின்வாங்கிவிட்டதால் விடுதிக்கு இன்னும் கூரை எழவில்லை. ஐப்பசி மழையில் மாணவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு மூலைக்கு மூலை ஒதுங்கினார்கள். அதைக் கேட்டு மனம் தாங்காமல் ராஜா வண்டி வண்டியாகத் தேக்கு மரம் அனுப்பினான். கூடவே ஒரு சின்ன வேண்டுகோள்: "என் தங்கை மகனைக் கல்விச்சாலையில் சேர்த்துக்கொள்ளவும்."

வண்டிகள் அப்படியே திரும்பி வந்தன. பூதியம்மை சொல்லியனுப்பியிருந்தாள்: "மரம் நல்ல மரம். கூட வந்த வேண்டுகோள்தான் எங்கள் வாசலுக்குள் நுழையவில்லை."

ராஜா நன்னியாரைப் பார்த்தான். அவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மரத்தை மறுபடி கல்விச்சாலைக்கே அனுப்புங்கள். வேண்டுகோள் எதுவும் வேண்டாம்" என்றான் ராஜா. பிறகு பெருமூச்சு விட்டான். "என் மருமகனைக் கூப்பிட்டு, உட்கார்ந்து படிக்கச் சொல்லுங்கள்."